மண்டியில் சொன்ன நாலு பாகக் கதை

மார்ச் 4, செவ்வாய்

பாலக்காட்டு முதலமடை மாங்காய் மண்டிக்கு இன்று ஒரே ஒரு லோடு. செந்தூரமும் பங்கனப்பள்ளியும் கலந்து வந்தது. பதினொரு மணிக்கே சிட்டை எழுதி முடித்துவிட்டு 'ஆன் ஆட்டம் வார்' எடுத்து வைத்துக்கொண்டேன். இது மூன்றாம் தடவை. கணக்கு அக்கா எட்டிப் பார்த்து, "பரீட்சைக்கா தம்பி படிக்கிறே?" என்றார். கதைப் புத்தகம், இதோடு மூணாவது தடவை என்றேன். ஒரே கதையை மூணு தடவை படிக்கிற ஆளை அவர் பார்த்ததில்லையாம்.

டேனியல் ஆபிரகாம் எழுதிய 'தி லாங் பிரைஸ் குவார்டெட்' என்கிற மாயாஜாலக் கதைத் தொடரில் இது மூன்றாம் பாகம். 2006 முதல் 2009 வரை வருஷத்துக்கு ஒன்றாக நாலு பாகம் வந்தது. இதுவரை ஏழெட்டுப் பேரிடம் சொல்லியிருப்பேன், ஒருவரும் முடிக்கவில்லை. எழுதியவர் பெயர் தெரியாத ஆளும் இல்லை. 'தி எக்ஸ்பான்ஸ்' நாவல்களை எழுதிய ஜேம்ஸ் எஸ்.ஏ. கோரி என்பது இவரும் டை ஃபிராங்கும் சேர்ந்து வைத்துக்கொண்ட புனைபெயர். அதை வைத்து எடுத்த சீரியலை விடிய விடிய பார்த்தவர்கள் எங்கள் ஊரிலேயே உண்டு. இந்தப் பக்கம் மட்டும் தலை வைத்துப் படுக்க மாட்டேன் என்கிறார்கள்.

மார்ச் 6, வியாழன்

சாயங்காலம் வாயனசாலைக்குப் போனேன். தமிழுக்கு ஒரு அலமாரி இருக்கிறது. பொன்னியின் செல்வன் ஐந்து பாகமும் முதுகு கிழிந்து நூல் தொங்குகிறது. அதைப் பார்த்ததும் தைரியம் வந்தது. ஐந்து பாகம் படித்துக் கிழிக்கிற ஊருக்கு நாலு பாகம் எம்மாத்திரம்? இந்தத் தொடரை வாங்கச் சொல்லி நூலக சேட்டனிடம் கேட்டேன்.

"டிராகன் உண்டோ?" என்றார். இல்லை என்றேன்.

"யுத்தம்?" மூன்றாம் பாகத்தில் வரும் என்றேன்.

நோட்டில் குறித்துக்கொண்டார். குறித்துக்கொண்ட விதத்திலேயே வாங்க மாட்டார் என்று தெரிந்தது. தப்பு என் மேல்தான். இல்லாததைச் சொல்லிக்கொண்டிருந்தேன். பருத்தியில் ஆரம்பித்திருக்க வேண்டும்.

அம்மா சின்ன வயதில் உடுமலைப் பக்கம் பருத்தி எடுக்கப் போனவர். 100 கிலோ பருத்தியை அரைத்தால் பஞ்சு 35 கிலோ தேறினால் அது நல்ல ரகம், மிச்சம் பெரும்பாலும் கொட்டை. இந்தக் கொட்டையை நீக்குகிற வேலைதான் உலகம் முழுக்கப் பஞ்சு வியாபாரத்தின் கழுத்தைப் பிடித்திருந்தது. முதல் பாகம் 'எ ஷேடோ இன் சம்மர்' நடக்கிற சரய்கெட் துறைமுகத்தில் அந்தக் கஷ்டமே கிடையாது. அங்கே ஒரு கவிஞர் ஒரு ஆண்டட்டைக் கட்டி வைத்திருக்கிறார். ஆண்டட் என்றால் மனுஷ உருவத்துக்குள் அடைக்கப்பட்ட ஒரு கருத்து. இதன் பெயர் சீட்லெஸ். அது நினைத்தால் போதும், மலைபோல் குவிந்த பருத்தியில் ஒரு கொட்டை மிஞ்சாது. ஊர்ச் செல்வம் மொத்தமும் அதை நம்பித்தான் இருக்கிறது.

குட்டிச்சாத்தான் கதை கேட்டு வளர்ந்தவர்களுக்கு மேலே சொல்லவே வேண்டாம். கட்டியவன் அசந்தால் போயிற்று. இதற்கும் தன்னைக் கட்டியவரைக் கண்டால் ஆகாது. அவர் தன்னையே வெறுக்கிற மனுஷர், அந்த வெறுப்பும் அதற்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. கட்டுவதற்குச் சொற்கள் வேண்டும், ஒரு தடவை கட்டிய சொல்லில் மறுபடி கட்ட முடியாது, கட்டும்போது பிசகினால் கவிஞரின் உயிர் போகும். அதனால் தலைமுறைக்குத் தலைமுறை வேலை கடினமாகிக்கொண்டே வருகிறது. கிணறு ஆழமாகிக்கொண்டே போகிற மாதிரி.

மார்ச் 9, ஞாயிறு

போன வாரம் பாலக்காட்டுச் சித்தூரில் கொங்கன் படை. கணவாய் வழியாகப் படையெடுத்து வந்த கொங்கு ராஜாவை பகவதி தோற்கடித்தாள் என்பது ஐதீகம், அதற்குத்தான் இந்தத் திருவிழா. எங்கள் தாத்தா பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வந்தவர். "நாம தோத்த திருவிழாவுக்கு நாமளே போய் பொரி வாங்கித் தின்னுட்டு வர்றோம்" என்று அம்மா வருஷா வருஷம் சொல்வார். சொல்லிவிட்டு முதல் ஆளாகக் கிளம்புவார்.

வெடிச் சத்தத்துக்கு நடுவே எனக்கு பலாசர் கைஸ் ஞாபகம். மூன்றாம் பாகத்தில் படை திரட்டி வருகிற தளபதி, எதிரி தேசத்துக்காரர். வேறு யாராவது எழுதியிருந்தால் அவரை மீசையை முறுக்கிக்கொண்டு சிரிக்க விட்டிருப்பார்கள். இதில் அவர் பக்கத்து நியாயத்தைத்தான் முதலில் படிக்கிறோம். ஆண்டட்டுகளை வைத்துச் சண்டை போட்டு அழிந்த பழைய பேரரசின் இடிபாடுகளுக்குள் போய், கூட வந்தவர்களைப் பறிகொடுத்துத் திரும்பியவர் அவர். இந்தச் சக்தி யார் கையிலும் இருக்கக் கூடாது என்கிறார். பாதிப் புத்தகம் வரை அவர் ஜெயிக்க வேண்டும் என்றே இருந்தேன். அந்தப் பக்கம் நகரத்தைக் காப்பாற்ற ஓடுகிறவர்களும் நமக்கு வேண்டியவர்கள். நாலு பாகத்தில் எனக்குப் பிடித்தது இதுதான்.

கொங்கு ராஜா பக்கத்துக் கதையை யாராவது சொன்னால் கேட்க ஆசை.

மார்ச் 12, புதன்

மத்தியானச் சாப்பாட்டில் கணக்கு அக்கா தானே கேட்டார், "அந்த மூணு தடவைக் கதை என்ன?" இந்தத் தடவை வேறு முனையில் பிடித்தேன்.

ஒரு வியாபார வீடு. அங்கே தலைமைக் கணக்கு ஒரு வயசான அம்மாள், அமத் கியான். இடுப்பு வலி, கைத்தடி இல்லாமல் நடக்க முடியாது. முதலாளி ஏதோ மறைக்கிறார் என்று அவளுக்குத் தோன்றுகிறது.

அக்கா சோற்றில் கை வைத்தபடியே நிறுத்தினார். "கணக்குல தெரிஞ்சிருக்குமே."

தெரிந்ததால்தான் வேலையை விட்டு ஒளிய வேண்டி வருகிறது. ஒளிந்த இடம் ஒரு விலைமாதர் விடுதி, அங்கேயும் பேரேடு எழுதித்தான் பிழைக்கிறாள். அக்காவுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. "எங்க போனாலும் கணக்கு எழுத ஆள் வேணும்ல." சுமை தூக்கிக்கொண்டு மறைந்து வாழ்கிற ஓட்டாவைப் பற்றியும் சொன்னேன். பெயர் அவர் காதில் ஏட்டா என்றுதான் விழுந்தது. கடைசி வரை அவனுக்கு ஏட்டா என்றே பெயர்.

அந்த ஊரில் பேச்சோடு கையும் சேர்ந்து பேசும், நன்றிக்கு ஒரு நிலை, சந்தேகத்துக்கு ஒரு நிலை என்றேன். "கதகளி முத்திரை மாதிரியா?" என்றார். ஏறக்குறைய அதேதான். கதகளியில் அடிப்படை முத்திரை 24. இங்கே கடையில் விலை பேசும்போதும் கை பேசுகிறது.

நடுவில் வருகிற குற்றத்தைச் சொல்லத்தான் தயக்கமாக இருந்தது. பருத்தியில் கொட்டையை எடுக்கிற அதே சக்தி வயிற்றில் இருக்கும் குழந்தையையும் எடுக்கும். பாஷை தெரியாத ஒரு பெண்ணை ஏமாற்றிக் கூட்டி வருகிறார்கள். அவள் குழந்தை வேண்டும் என்று இருப்பவள். அக்கா டப்பாவை மூடிவிட்டார். படிக்கப் போகிறவர்களுக்கும் முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன், இந்த இடம் லேசில் கடக்காது. அதற்கு முந்தைய நூறு பக்கம் மெதுவாகப் போகும் என்பதும் உண்மை.

மார்ச் 18, செவ்வாய்

லோடு மேல் லோடு. முதுகு கழன்றுவிட்டது. ஒரு பக்கம்கூடப் படிக்கவில்லை.

மார்ச் 22, சனி

பன்னிரண்டு பெட்டி கணக்கில் உதைத்தது. அக்கா மூன்று நாள் சிட்டையைப் பரப்பி உட்கார்ந்தார். ஒரே லாரி நம்பர் இரண்டு தடவை ஏறியிருந்ததைக் கண்டுபிடித்து, பென்சிலால் வட்டம் போட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "உங்க கியான் அம்மா இதுக்கு எவ்வளவு நேரம் எடுத்திருப்பா?"

இவ்வளவேதான் எடுத்திருப்பார் என்றேன்.

அக்காவுக்குச் சொல்லி வந்த முதல் பாகம் முடிந்துவிட்டது. அடுத்த பாகத்துக்குள் பத்துப் பதினைந்து வருஷம் ஓடிவிடும், நாலாம் பாகத்தில் எல்லாரும் கிழவர்கள் என்றதும் அக்காவுக்குத் திருப்தி. "வயசாகாத கதையெல்லாம் எனக்கு ஒட்டாது தம்பி." திங்கட்கிழமை இரண்டாம் பாகம், 'எ பிட்ரேயல் இன் விண்டர்'. வடக்கே சுரங்க நகரம், ராஜாவின் மகன்கள் ஒருவரையொருவர் கொன்றால்தான் பட்டம்.

"கொல்றது யாருன்னு முதல்லயே சொல்லிடு. படபடப்பு எனக்கு ஆகாது."

நான் சொல்ல வேண்டியதே இல்லை. அந்தப் பாகத்தில் ஆபிரகாமே ஆரம்பத்தில் அதைப் போட்டு உடைத்துவிடுகிறார்.