துடைப்பத்துக்கு நல்ல ஃபோகஸ்

ஜூன் 7, சனி

இன்று என்னை நானே படம் எடுத்துக்கொள்வது என்று உட்கார்ந்தேன். பத்து வினாடி டைமர். பட்டனை அழுத்திவிட்டு ஓடிவந்து ஜன்னலோரம் நிற்க வேண்டும். 50 எம்.எம். லென்ஸின் திறப்பை எஃப் 1.8 என்று அகலமாக வைத்தால், முன்பின்னாகக் கூர்மையாக விழுவது நாலு விரல் அகலம்தான். ஆளே இல்லாத இடத்தில் எதற்கு ஃபோகஸ் செய்வது? ஸ்டூலில் துடைப்பத்தைச் சாய்த்துவைத்து, அதன் நுனிக்கு ஃபோகஸ் பிடித்து, ஃபோகஸ் நகராதபடி லென்ஸை மேனுவலுக்கு மாற்றிக்கொண்டேன்.

முப்பத்தோரு படம். எல்லாவற்றிலும் காது பளிச், கண் மங்கல். ஒரே ஒரு தடவை துடைப்பத்தை எடுக்க மறந்துவிட்டேன். அதில் மட்டும் ஈர்க்கு ஈர்க்காக எண்ணலாம்.

ஜூன் 8, ஞாயிறு

லென்ஸ் திறப்பைச் சுருக்கி எஃப் 4க்கு வந்தேன். பிழைத்தேன். ஜன்னலில் அப்பாவின் பழைய வேட்டியைக் கட்டியதும் வெயில் பால் மாதிரி ஆகிவிட்டது. மறுபக்கம் தெர்மாகோல் அட்டை வைத்தால் நிழல் குறைகிறது. ஆனால் முகம் பாஸ்போர்ட் போட்டோ மாதிரி தட்டையாகிறது. எடுத்துவிட்டேன்.

"பாதி முகம் இருட்டா இருக்கேடா" என்றாள் அம்மா.

அதைவிட எனக்கு உறுத்தியது வகிடு. தினமும் கண்ணாடியில் இடப்பக்கம் பார்த்த வகிடு, படத்தில் வலப்பக்கம் இருக்கிறது. ஊரே பார்த்துப் பழகிய முகம் எனக்கு மட்டும் புதுசு.

ஜூன் 11, புதன்

ஆபீஸ். கேமராவைத் தொடவில்லை.

ஜூன் 14, சனி

புகைப்பட முறையொன்றைத் தானும் கண்டுபிடித்த பிரான்ஸின் இப்போலித் பயார் எடுத்த படத்தையே ராத்திரி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். 1840. புகைப்படக் கண்டுபிடிப்பின் புகழும் அரசின் பென்ஷனும் இன்னொரு பிரெஞ்சுக்காரரான தாகேருக்குப் போன ஆத்திரத்தில், தண்ணீரில் மூழ்கிச் செத்தவராகத் தன்னையே எடுத்துக்கொண்டார். வெற்றுடம்பு, மூடிய கண். வெயிலில் கறுத்த முகமும் கைகளும் படத்தில் இன்னும் கறுப்பாக விழுந்துவிட்டன. அதையும் விடாமல், பிணம் அழுகத் தொடங்கிவிட்டது என்று பின்பக்கம் எழுதிவைத்தார். அவருடைய முறையில் பல நிமிடம் அசையாமல் இருக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டால் இமைக்கிற தொல்லையே இல்லை. கோபத்திலும் வசதி பார்த்திருக்கிறார் மனுஷன்!

ஜூன் 15, ஞாயிறு

ராத்திரி கரண்ட் போனது. சரி, பயார் செய்ததைச் செய்து பார்ப்போம் என்று மெழுகுவத்தி ஏற்றி, ஷட்டரை 30 வினாடிக்கு வைத்து, கண்ணை மூடி உட்கார்ந்தேன். முதல் படத்தில் முகம் தேவலை. மூச்சு விட்டதில் சட்டை மட்டும் கலங்கியிருக்கிறது. இரண்டாவதைக் கொசு கெடுத்தது. மூன்றாவதின் நடுவில் அம்மா டார்ச்சோடு உள்ளே வந்து, "உட்கார்ந்துக்கிட்டே தூங்குறியா? எழுந்து சாப்பிடு" என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் அசையவில்லை.

படத்தில் அம்மா இல்லை. நகர்ந்துகொண்டே இருந்ததால் உருவம் பதியவில்லை. என் தலைக்குப் பின்னால் வாசலிலிருந்து சுவர் வரை வெள்ளையாக ஒரு கோடு, நடுவில் சின்ன நெளிவு. அங்கேதான் நின்று பேசியிருப்பாள்.

ஜூன் 16, திங்கள்

காலையில் அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அந்தக் கோட்டை விரலால் தேய்த்துப் பார்த்தாள்.

"புது கேமராவாச்சே. அதுக்குள்ள கீறல் விழுந்துடுச்சா?"