ஒரே அளவு, இரண்டு மாவு

பாஸ்தா வகுப்புக்குப் போகலாமா என்று யாராவது கேட்டால், தாராளமாகப் போங்கள், கூடவே ஒரு ஆளையும் கூட்டிக்கொண்டு போங்கள் என்றுதான் சொல்வேன். பேச்சுத்துணைக்காகச் சொல்லவில்லை. பக்கத்திலேயே இன்னொருவர் அதே மாவை அதே அளவில் பிசைந்துகொண்டிருக்கும்போது, அதையும் தொட்டு நம்முடையதையும் தொட்டுப் பார்த்து வருகிற பாடம் எந்த வீடியோவிலும் கிடைக்காது. நானும் என் தோழியும் போன வகுப்பில் எனக்குப் பிடிபட்டது இதுதான்.

ஆரம்பித்ததே தராசில்தான். 100 கிராம் மாவுக்கு ஒரு முட்டை. இத்தாலியில் எமிலியா-ரொமாஞா பக்கம் வழிவழியாக வரும் கணக்கு இது, ஒரு ஆளுக்கு இவ்வளவு என்று வைத்துக்கொள்ளலாம். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே பையிலிருந்து மாவு, ஒரே அட்டையிலிருந்து முட்டை. மாவைப் பலகையில் குவித்து, நடுவில் நல்ல அகலமாகக் குழி பண்ண வேண்டும் (குழி சின்னதாக இருந்தால் முட்டை கரையை உடைத்துக்கொண்டு மேசைக்கு ஓடிவிடும்). அதில் முட்டையை உடைத்து ஊற்றி, முள்கரண்டியால் அடித்துக்கொண்டே உள்பக்கக் கரையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மாவை இழுத்துச் சேர்த்துக்கொண்டே வரவேண்டும். கூழ் பதம் வந்ததும் முள்கரண்டியைக் கீழே வைத்துவிடலாம், அதற்கு மேல் கைதான்.

கொஞ்ச நேரத்தில் பார்த்தால், என் மாவு விரலை விடாமல் ஒட்டுகிறது, அவளுடையது வறண்டுபோய் ஓரமெல்லாம் உதிர்கிறது. "உன்னோடதுல கொஞ்சம் எனக்குக் குடுடி" என்றாள். வகுப்பு எடுத்தவர் வந்து இரண்டையும் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்துவிட்டு, முட்டை எல்லாம் ஒரே எடையா இருக்கும் என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஓடு நீக்கினால் ஒரு முட்டை 45 கிராம் இருக்கும், இன்னொன்று 60 கிராம் இருக்கும். போதாததற்கு, மாவும் அன்றைக்குக் காற்றில் உள்ள ஈரத்தைப் பொறுத்து மாறும். எனக்குப் பலகையில் துளி மாவு தூவி அதன்மேல் பிசையச் சொன்னார். அவளைத் தண்ணீர் ஊற்றவே விடவில்லை, விரலை மட்டும் நனைத்துக்கொண்டு பிசையச் சொன்னார். அந்த விரல் ஈரமே போதுமானதாக இருந்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். தனியாகப் போயிருந்தால் ஒட்டுகிற மாவை மட்டும்தான் தெரிந்துகொண்டிருப்பேன்.

பிசைவது சுமார் பத்து நிமிட வேலை. உள்ளங்கையின் அடிப்பகுதியால் முன்னால் தள்ளு, மடித்துப் போடு, கால் வட்டம் திருப்பு, மறுபடி தள்ளு. கோதுமையில் உள்ள குளுட்டெனின், கிளையடின் என்ற இரண்டு புரதங்களும் ஈரத்தில் சேர்ந்து குளூட்டனாகிப் பின்னிக்கொள்வது இந்தத் தள்ளலில்தான். முதலில் சொரசொரவென்று, அங்கங்கே வெடிப்போடு இருப்பது எந்த நொடியில் என்று சொல்ல முடியாதபடி வழுவழுவென்று மாறிவிடுகிறது. விரலால் அமுக்கினால் குழி மெல்ல மேலே எழும்பி வரும், அதுதான் பதம். அப்புறம் காற்றுப் படாமல் சுற்றி அரை மணி நேரம் வைத்துவிட வேண்டும். இதை அவசரத்தில் விட்டுவிடுகிறவர்கள் பலர், தயவுசெய்து விடாதீர்கள். பிசைந்த கையோடு தேய்த்தால் மாவு சுருங்கிச் சுருங்கிப் பழைய இடத்துக்கே வரும். ஊறிய மாவு சொன்னபடி கேட்கும்.

அந்த அரை மணி நேரத்தில் இத்தாலியின் போலோஞா நகரத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. 1972-இல் அந்த ஊர் வணிகச் சபையில் தாலியாதெல்லே என்ற நாடா வடிவப் பாஸ்தாவின் அளவை முறைப்படி பதிவு செய்திருக்கிறார்கள். வெந்தபிறகு அகலம் 8 மில்லிமீட்டர். அதாவது அந்த ஊரின் அசினெல்லி கோபுரத்தின் உயரத்தில் 12,270-இல் ஒரு பங்கு! கோபுரம் ஏறக்குறைய 97 மீட்டர், கைப்பேசியில் வகுத்துப் பார்த்தோம், 7.9 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட சரியாகவே வருகிறது. அளவு மாதிரிக்கென்று தங்கத்தில் ஒரு நாடாவும் செய்து வைத்திருக்கிறார்கள். ஒரு நாடா அகலத்துக்கு இவ்வளவு மெனக்கெட்ட ஊர் மேல் எனக்கு அன்றைக்கு ஏற்பட்ட மரியாதை இன்னும் குறையவில்லை.

பாஸ்தா மெஷினில் தேய்க்கும் இடத்தில்தான் இன்னொரு ஆள் கட்டாயம் வேண்டும். மாவை உள்ளே கொடுக்க ஒரு கை, கைப்பிடியைச் சுற்ற ஒரு கை, வெளியே வருவதைத் தாங்கிப் பிடிக்க இரண்டு கை. முதலில் உருளைகளின் அகலமான இடைவெளியில் விட்டு, மூன்றாக மடித்து, மறுபடி மறுபடி விட வேண்டும், ஓரம் நேராகும். அப்புறம் ஒவ்வொரு எண்ணாக இடைவெளியைக் குறைத்துக்கொண்டே போகவேண்டும், நடுவில் ஒரு எண்ணைத் தாண்டினால் கிழிந்துவிடும். நான் சுற்ற, அவள் பிடிக்க, "மெதுவா, மெதுவா, நில்லு, இப்போ சுத்து" என்று அவள் சொல்லச் சொல்ல, கையளவு இருந்த மாவு மேசை நீளத்துக்கு வந்துவிட்டது. அடியில் கையை வைத்தால் விரல்கள் தெரிந்தன. அதைப் பார்த்ததும் இரண்டு பேரும் பேச்சை நிறுத்திவிட்டோம்.

தேய்த்த மாவுத் தகட்டின்மேல் தூவுவதற்கு மெல்லிய மாவு வேண்டாம், டூரம் கோதுமை ரவைதான் நல்லது. மெல்லிய மாவு பாஸ்தாவோடு ஒட்டிக்கொண்டு கொதிக்கும் தண்ணீரில் பசையாகிவிடும், ரவை பெரும்பாலும் உதிர்ந்துவிடும். மேல்பக்கம் கையில் ஒட்டாத அளவுக்குக் கொஞ்சம் காயவிட்டு, தளர்வாகச் சுருட்டி, கத்தியால் வெட்டி உதறினால் நாடா நாடாவாகப் பிரிகிறது.

முட்டை சாப்பிடாதவர்கள் இதைப் படித்துவிட்டு விலகிப் போகவேண்டாம். தெற்கு இத்தாலியில் முட்டையே இல்லாமல், டூரம் ரவையும் தண்ணீரும் மட்டும் வைத்துச் செய்வது பழைய வழக்கம். ரவை எடையில் ஏறக்குறைய பாதி அளவு வெதுவெதுப்பான தண்ணீர், அவ்வளவுதான். பூலியா பகுதியின் ஓரெக்கியெத்தே என்ற சின்னக் கிண்ண வடிவப் பாஸ்தா இந்த மாவில்தான் வரும். பாரி நகரத்தின் பழைய தெருக்களில் பெண்கள் வீட்டு வாசலில் மேசை போட்டு உட்கார்ந்து செய்வது இதைத்தான். எங்கள் வகுப்பிலும் இரண்டாவதாக இதைச் செய்தோம். மாவை விரல் தடிமனுக்குக் கயிறாக உருட்டி, சின்னச் சின்னத் துண்டாக வெட்டி, ஒவ்வொன்றையும் மழுங்கிய மேசைக்கத்தியால் அழுத்தித் தன் பக்கமாக இழுத்து, சுருண்டு வருவதைக் கட்டைவிரல் நுனியில் கவிழ்த்தால் கிண்ணம் மாதிரி நிற்கும். கத்தி உரசிய வெளிப்பக்கம் சொரசொரப்பாக இருப்பதால் சாஸ் நன்றாகப் பிடித்துக்கொள்ளும். என் தோழிக்கு இது அப்படியே கைவந்துவிட்டது. நான் ஒன்று முடிப்பதற்குள் அவள் தட்டில் நாலைந்து வரிசையாக உட்கார்ந்திருக்கும். நீங்கள் போகும் வகுப்பில் வெறும் செய்துகாட்டல்தானா, ஆளுக்கு ஒரு மாவு உண்டா என்று முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள். ஏற்கெனவே பிசைந்து வைத்த உருண்டையைக் கையில் கொடுத்தால் பாதிப் பாடம் போய்விட்டது.

வேகவைப்பதில் பெரிய வித்தை இல்லை. நிறையத் தண்ணீர், லிட்டருக்கு 10 கிராம் உப்பு, நன்றாகத் தளதளவென்று கொதிக்கும்போது போட்டால் முட்டைப் பாஸ்தா இரண்டு மூன்று நிமிடத்தில் வெந்துவிடும். அதனால் சாஸ் முதலில் தயாராக இருக்கவேண்டும். எங்களுக்குக் கிடைத்தது வெண்ணெயும் சேஜ் என்ற மூலிகை இலையும் மட்டும். வாணலியில் பாஸ்தாவோடு வேகவைத்த தண்ணீரையும் ஒரு கரண்டி விட்டு உலுக்கினால், அதில் கரைந்திருக்கும் மாவுச்சத்து வெண்ணெயைப் பிரியவிடாமல் கெட்டியாக்கி நாடாமேல் பூசிவிடுகிறது.

கடையில் வாங்கும் உலர்ந்த பாஸ்தா இதைவிட மட்டம் என்று சிலர் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. அது டூரம் கோதுமையில் செய்து பக்குவமாகக் காயவைத்த வேறு பொருள். இத்தாலியில் 1967-இலேயே அதற்குத் தனிச் சட்டம் போட்டிருக்கிறார்கள். பல்லில் அழுத்தமாகக் கடிபட வேண்டிய இடத்துக்கு அதுதான் சரி. வெண்ணெய், கிரீம், நெடுநேரம் வெந்த இறைச்சி சாஸ் இதற்கெல்லாம் மென்மையான முட்டைப் பாஸ்தா. வீட்டில் இரண்டுமே இருக்கட்டும்.

மீந்த முட்டை மாவை ஃபிரிட்ஜில் வைத்தால் மறுநாளே நிறம் மங்கிச் சாம்பலாகத் தொடங்கும், அதைவிட எல்லாவற்றையும் வெட்டிச் சின்னச் சுருளாக்கி ஃப்ரீசரில் வைப்பது நல்லது. எடுத்து அப்படியே கொதிக்கிற தண்ணீரில் போடலாம், உருகவிடத் தேவையில்லை. அடுத்து, பூரணம் வைத்து மூடும் ராவியோலி கற்றுக்கொள்ள வேண்டும் என்று இருவருமே முடிவு செய்துவிட்டோம். பூரணம் ஈரமில்லாமல் இருக்க வேண்டுமாம், மூடும்போது உள்ளே துளி காற்று நின்றாலும் தண்ணீரில் வெடித்துவிடுமாம். மூடுகிற வேலை தனக்குத்தான் என்று அவள் இப்போதே சொல்லி வைத்திருக்கிறாள்.