நமீப் மணலில் மூன்று நாள்

ஆப்பிரிக்காவின் நமீபியாவில், நமீப் பாலைவனத்தை ஒட்டிய வால்விஸ் பே ஊருக்குத் தெற்கே உப்பளங்கள் முடிகிற இடத்தில் பாதையும் முடிந்துவிடுகிறது. அங்கே நான்கு வண்டிகளையும் நிறுத்தச் சொல்லி, வழிகாட்டி ஒவ்வொரு டயராகக் காற்றை இறக்கினார். 30 பவுண்டு இருந்தது 14-க்கு வந்தது. காற்று குறைந்தால் டயர் நசுங்கி, நீளவாக்கில் மணலில் படியும். பாரம் பரவிவிடுவதால் வண்டி புதையாது. காலையில் மணல் குளிர்ந்து இறுகியிருக்கும், வெயில் ஏறினால் இளகிவிடும், அதனால் சீக்கிரம் கிளம்ப வேண்டும் என்றார்.

நமீபியாவின் இந்தக் கரையில் சாண்ட்விச் துறைமுகத்தைத் தாண்டித் தெற்கே தனியாகப் போக முடியாது. நமீப்-நவுக்ளுஃப்ட் பூங்காவின் பகுதி இது. அனுமதி பெற்ற வழிகாட்டிகளோடுதான் போக வேண்டும். ஆனால் வண்டியை நாமே ஓட்டலாம். நானும் அக்காவும் முறைவைத்து ஓட்டினோம்.

முதல் பெரிய ஏற்றத்தில் பாதி போனதும் நான் கியரை மாற்றினேன். கிளட்சை மிதித்த அந்த ஒரு நொடியில் வேகம் செத்துவிட்டது. சக்கரம் சுழன்று குழி பறிக்கத் தொடங்கியது. "ஆக்ஸிலேட்டரை விடுங்கள். ரிவர்ஸ் போட்டு, வந்த தடத்திலேயே நேராக இறங்குங்கள். திருப்பவே கூடாது" என்று வாக்கி-டாக்கியில் நிதானமாகக் குரல் வந்தது. சரிவில் வண்டி குறுக்கே திரும்பினால் உருண்டுவிடும். கண்ணாடியில் என் சக்கரத்தடம் மட்டுமே தெரிந்தது. அதைப் பிடித்துக்கொண்டே கீழே வந்தேன். இரண்டாவது தடவை கீழேயே கியரைத் தீர்மானித்து, கால் அசையாமல் ஏறி, முகட்டுக்குச் சற்று முன்னால் காலைத் தளர்த்தினேன். வண்டி மெதுவாக உச்சியில் போய் நின்றது. அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

இறங்குவது வேறு கதை. காற்றுக்கு மறைவான பக்கத்துச் சரிவு சுமார் 33 டிகிரி இருக்கும்; உலர்ந்த மணல் அதைவிடச் செங்குத்தாக நிற்காது. முகட்டில் பானெட்டுக்கு முன்னால் தரையே தெரியவில்லை. "டேய், பிரேக்கில் கால் வைக்காதே" என்றாள் அக்கா. முதல் கியரில் வண்டியை விட்டதும் மணல் உறுமியது. உண்மையிலேயே உறுமல்தான். சரிகிற மணல் துகள்கள் சேர்ந்து எழுப்பும் அந்த ஓசை பழைய விமானத்தின் இரைச்சல்போல இருந்தது; காதில் விழும் முன்பே உட்கார்ந்திருந்த சீட்டில் தெரிந்தது.

இரவு இரண்டு மேடுகளுக்கு நடுவே கூடாரம். தண்ணீர், விறகு எல்லாம் நாம் கொண்டுபோனதுதான். சாம்பலைக்கூட அங்கே விடவில்லை. செருப்பைக் கூடாரத்துக்குள் எடுத்து வையுங்கள், நரி தூக்கிக்கொண்டு போய்விடும் என்றார்கள். விடிந்ததும் பார்த்தால் கூடாரத்தைச் சுற்றிக் காலடித் தடங்கள்.

ஆனால் அந்த விடியலில் நான் பார்த்தது வேறொன்று. கடலிலிருந்து மூடுபனி வந்து எல்லாவற்றையும் மூடியிருந்தது. ஆண்டுக்கு 20 மில்லிமீட்டர்கூட மழை பெய்யாத கரை இது. பெங்குவேலா என்ற குளிர்ந்த நீரோட்டத்தின் மேல் வரும் ஈரக்காற்று பனியாகிக் கரைக்கு வருகிறது; இங்குள்ள உயிர்கள் பலவற்றுக்கு அதுதான் தண்ணீர். முகட்டு ஓரத்தில் கட்டைவிரல் நகம் அளவில் ஒரு கறுப்பு வண்டு. காற்று வரும் திசையைப் பார்த்து, பின்பக்கத்தை உயரத் தூக்கி, தலையைத் தாழ்த்தி நின்றது. முதுகில் பொடிப்பொடியாக ஈரம் சேர்ந்தது. இரண்டு துளிகள் ஒன்றாகி, மெல்ல வழிந்து, வாய்ப்பக்கம் வந்து நின்றது. அப்புறம் அது இல்லை. குடித்துவிட்டது. முழங்கை மணலில் புதைய நான் எவ்வளவு நேரம் அப்படியே கிடந்தேனோ, அக்கா வந்து தோளைத் தொட்டாள்.

இதே மூடுபனிதான் 1909 செப்டம்பரில் எடுவார்ட் போலன் என்ற ஜெர்மன் கப்பலைக் கான்செப்ஷன் பே அருகே தரைதட்ட வைத்தது. இன்று அது கடலிலிருந்து சுமார் 400 மீட்டர் உள்ளே, மணலில் பாதி புதைந்து நிற்கிறது. கப்பலை யாரும் இழுத்து வரவில்லை. கடல்தான் விலகிப் போயிருக்கிறது. தெற்கே ஆரஞ்சு ஆறு கொட்டும் மணலை நீரோட்டம் வடக்கே தள்ள, அலை கரையில் போட, காற்று உள்ளே அள்ளிப் போகிறது. துருவேறிய இரும்பு கையில் தாள்போல உதிரும் என்பதால் தொட வேண்டாம் என்றார் வழிகாட்டி. நாங்கள் சுற்றி நடந்ததோடு சரி.

அங்கிருந்து ஒரு சரளைச் சமவெளி. 1908-ல் தெற்கே லூடரிட்ஸ் என்ற ஊர்ப் பக்கம் வைரம் கிடைத்தபின் இந்தக் கரைவரை ஆட்கள் தேடி வந்தார்கள். அவர்களுடைய குடியிருப்புகளின் மிச்சம் ஆங்காங்கே நிற்கிறது. வழிகாட்டி இறங்கி நின்று, எல்லோரும் தன் தடத்தில் மட்டுமே வர வேண்டும் என்று கறாராகச் சொன்னார். மணல்மேட்டில் பட்ட தடத்தைக் காற்று மாலைக்குள் அழித்துவிடும். சரளையில் பட்டது பல பத்தாண்டுகள் கிடக்கும். கூடு கட்டாமல் அந்தக் கற்களிடையே முட்டையிடும் ஆலா என்ற கடற்பறவைகளும் உண்டு. மற்ற இடங்களில் பழைய வண்டித் தடங்கள் குறுக்கும் நெடுக்குமாகக் கிடப்பதைப் பார்த்தபோது எனக்குக் கோபமே வந்தது. ஓட்டும் குஷியில் யாரோ ஒருவர் எடுத்த ஒரு திருப்பம், இன்னும் அங்கேயே இருக்கிறது.

மூன்றாம் நாள், திரும்பும் வழியில் மணல்மேடு நேராகக் கடலில் இறங்கும் இடம். கடல் உள்வாங்கினால்தான் அடியில் வழி கிடைக்கும். வழிகாட்டி இருபது நிமிடம் அலையையே பார்த்துக்கொண்டு நின்றார். யாரும் பேசவில்லை. "சரி, இப்போது. நிற்காமல் வாருங்கள்."

அக்கா ஓட்டினாள். வலப்பக்கம் மணல் சுவர், இடப்பக்கம் என் ஜன்னலை ஒட்டிக் கடல். ஈரமணலில் டயர் சத்தமே இல்லாமல் ஓடியது. ஒரு அலை நீண்டு வந்து சக்கரத்தை நனைத்தது. கண்ணாடியில் உப்புத்தண்ணீர் தெறித்தது. அக்கா காலைத் தளர்த்தவில்லை. சுவர் விலகி, உப்பங்கழியும் நாணலும் தெரிந்தபிறகுதான் அவள் மூச்சு விட்டதைக் கேட்டேன்.

உப்பளத்தில் பூநாரைகள் மேய்ந்துகொண்டிருந்தன. கம்ப்ரெசரை எடுத்து, ஒவ்வொரு டயராகக் காற்றை நிரப்ப ஆரம்பித்தோம்.