கோயாசான்: அன்னை தங்கிய அடிவாரத்திலிருந்து

முதல் முறை ஜப்பான் சென்றபோது கியோட்டோ, நாரா என்னும் பழைய தலைநகரங்களிலேயே பொழுதெல்லாம் கழிந்துவிட்டது. கோயாசான் மலையைப் பேருந்தில் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு இறங்கிவிட்டோம். அது தரிசனம் ஆகாது என்பது என் கணவரின் கட்சி. ஆகவே இந்த இலையுதிர்காலத்தில், நாராவின் தோதாய்ஜி ஆலயத்து மகாபுத்தரை மட்டும் மீண்டும் சேவித்துவிட்டு, மலைக்கு நடந்தே ஏறுவதென்று முடிவு செய்தோம். 752ஆம் ஆண்டு அந்தப் புத்தருக்குக் கண் திறக்கும் சடங்கை நிகழ்த்தியவர் இந்தியாவிலிருந்து சென்ற போதிசேனர் என்னும் துறவி.

கோயாசான், மந்திரமும் ஹோமமும் வழிபாடாகக் கொண்ட ஷிங்கோன் என்னும் பௌத்தப் பிரிவின் தலைமைப் பீடம். 804ஆம் ஆண்டு சீனத்துக்குக் கப்பலேறிய குகாய், சாங்கான் நகரில் ஹுய்குவோ என்ற ஆசாரியரிடம் தீட்சை பெற்றுத் திரும்பி, 816ஆம் ஆண்டு சாகா பேரரசரிடமிருந்து இம்மலையைப் பெற்றார். 835ஆம் ஆண்டு அவர் மறையவில்லை, மலைமேல் தியானத்தில் அமர்ந்தவர் இன்றும் அவ்வாறே இருக்கிறார் என்பது அடியார்களின் நம்பிக்கை. ஜீவசமாதி என்றால் நமக்கு வேறு விளக்கம் தேவையில்லை.

நடைவழி தொடங்குவது அடிவாரத்துக் குதோயாமா ஊரில் உள்ள ஜிசோன்-இன் ஆலயத்தில். மலையில் பெண்கள் கால் வைக்கக் கூடாதென்று விதி இருந்ததால், மகனைக் காண வந்த குகாயின் அன்னை இங்கேயே தங்கிவிட்டாராம். மாதத்துக்கு ஒன்பது முறை மகன் இறங்கி வந்து தாயைக் கண்டு போனார் என்று தலவரலாறு கூறுகிறது. சுகப்பிரசவத்துக்கும் தாய்ப்பால் சுரப்புக்கும் வேண்டிக்கொள்ளும் பெண்கள், துணியில் பஞ்சடைத்துத் தைத்த சிறு மார்பு உருவங்களை மரப்பலகையில் ஒட்டிக் காணிக்கையாகக் கட்டிவைத்திருக்கிறார்கள். நம் கோயில்களில் தொட்டில் கட்டுவதைப் பார்த்து வளர்ந்த எனக்கு அதில் வியப்பேதும் தோன்றவில்லை. வெகுநேரம் அங்கேயே நின்றிருந்தேன்.

அங்கிருந்து மேலே மகாஸ்தூபி வரை, ஏறத்தாழ 109 மீட்டருக்கு ஒன்றாக 180 கல்தூண்கள் வழிகாட்டுகின்றன. பழைய மரக்கம்பங்களுக்குப் பதிலாக இவற்றை நாட்டும் பணி 1285ஆம் ஆண்டு நிறைவுற்றது. ஒவ்வொரு தூணின் தலைப்பகுதியும் சதுரம், உருண்டை, முக்கோணம், பிறை, இரத்தினமணி என ஐந்து வடிவங்களை அடுக்கியது; நிலம், நீர், தீ, காற்று, வெளி என்னும் பஞ்சபூதங்களை அவை குறிக்கின்றன. மேல் முகத்தில் வெட்டியிருப்பதோ இந்தியாவிலிருந்து சென்ற ‘சித்தம்’ என்னும் சமஸ்கிருத வரிவடிவ எழுத்து. பாசி படிந்த அந்த வெட்டுக்குள் விரலை ஓட்டிப் பார்த்தபோது விளிம்புகள் இன்னும் கூர்மையாக இருந்தன. எண்கள் இறங்குவரிசையில் குறைந்துகொண்டே வருவதால், சீமைப்பனிச்சைத் தோப்புகளைக் கடந்து தேவதாருக் காட்டுக்குள் ஏற்றம் கடுமையாகும் இடத்தில் அவையே துணையாயின. இருபது கிலோமீட்டருக்குச் சற்றே குறைந்த அந்தப் பாதை, மாலை நெருங்கும் வேளையில் எங்களைத் தாய்மோன் என்னும் பெருவாயிலில் கொண்டு சேர்த்தது.

48.5 மீட்டர் உயர மகாஸ்தூபியின் உட்சுவர்களில் ஷிங்கோன் மரபின் எட்டு ஆசாரியர்களின் ஓவியங்கள் உள்ளன. அவர்களில் ஒருவரான வஜ்ரபோதி, ஹுய்குவோவின் பரமகுரு. சீனக் குறிப்புகள் அவரைக் காஞ்சியோடும் இரண்டாம் நரசிம்மவர்ம பல்லவனோடும் தொடர்புபடுத்துகின்றன. இராஜசிம்மன் என்றும் பெயர்கொண்ட அந்த மன்னன் எழுப்பிய கைலாசநாதர் கோயிலை எத்தனையோ முறை வலம் வந்திருந்தும், அவன் காலத்துக் காஞ்சியிலிருந்து இந்த மலை வரை நீளும் குருபரம்பரையைப் பற்றி நம் ஊரில் எவரும் எனக்குச் சொன்னதில்லை.

தங்கிய ஆலய விடுதியின் இரவுணவில் எள்ளுத் தோஃபு, உறையவைத்து உலர்த்திய தோஃபு, மலைக்காய்கறிகள் ஆகியவை இருந்தன. வெங்காயமும் பூண்டும் துறவியர் சமையலில் விலக்கு என்பதால், ஜப்பானில் சாப்பாட்டுக்குத் திண்டாடும் எங்களைப் போன்றவர்களுக்கு இதைவிட நிம்மதியான இடம் கிடையாது. விடியற்காலை வழிபாட்டில் நெய்க்கும் சமித்துக்கும் ஒப்பாக எண்ணெயும் மரக்குச்சிகளும் சொரிந்து ஹோமம் வளர்த்தார்கள். அவர்கள் அதைச் சொல்வதும் கோமா என்றுதான்.

மறுநாள் முதலில் நியோனிந்தோ என்னும் பெண்கள் மண்டபத்துக்குப் போனோம். மலையின் ஏழு நுழைவழிகளில் இருந்த இத்தகைய மண்டபங்களில் எஞ்சியது இது ஒன்றே. 1872ஆம் ஆண்டு அரசு தடையை நீக்கும் வரை, இங்கே இராத்தங்கிய பெண்கள், மலைவிளிம்பின் ஒற்றையடிப் பாதையில் சுற்றிவந்து, மரங்களினூடே தெரியும் ஸ்தூபியை நோக்கிக் கும்பிட்டுத் திரும்பினார்கள். அந்த விதியைப் புனிதம் என்று என்னால் ஏற்க முடியவில்லை. ஆனால் விதியை மீறாமலே மலை முழுவதையும் வலம் வந்துவிட்ட அந்தப் பெண்களின் பக்தி, உள்ளே அமர்ந்திருந்தவர்களுடையதைவிடக் குறைந்ததன்று. மண்டபத்துள் வைரோசனருடன் பென்சாய்தென் என்ற பெயரில் நம் சரஸ்வதியும் எழுந்தருளியிருக்கிறாள்.

பிறகு குகாயின் சமாதி அமைந்த ஒகுனோ-இன். இரண்டு கிலோமீட்டர் நீளும் தேவதாரு நிழலில் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட நினைவுச்சின்னங்கள். போர்த்தலைவர் நோபுநாகாவுக்கும், அவருக்கே துரோகம் செய்து அவரை வீழ்த்திய தளபதி மிட்சுஹிதேவுக்கும் ஒரே காட்டில்தான் இடம். கடைசிப் பாலத்துக்கு அப்பால் தொப்பியும் கேமராவும் கூடாது. பத்தரை மணிக்குக் குகாய்க்கு நைவேத்தியம் வந்தது. துறவியர் இருவர் வெண்மரப் பெட்டியைச் சுமந்துவர, சுவை பார்க்கும் ஜிசோ என்னும் போதிசத்துவரின் சன்னிதியில் முதலில் காட்டிவிட்டுப் பாலத்தைக் கடந்தார்கள். ஷிகோகு தீவின் 88 தலங்களையும் முடித்து நன்றி சொல்ல வந்திருந்த வெள்ளாடை மூதாட்டிகள் சிலர் எங்களுக்கு முன்னால் நின்றார்கள். அவர்களில் ஒருவர் தம் பையிலிருந்து ஊதுபத்திகளை எடுத்து எங்களிடமும் நீட்டினார். சமாதியின் மூடிய கதவுகளுக்கு முன் அவற்றை ஏற்றிவைத்து, குகாயை வணங்கும் 'நமு தாய்ஷி ஹென்ஜோ கொங்கோ' என்ற மந்திரத்தை அவர்கள் சொல்லச் சொல்ல நாங்களும் கூடவே சொன்னோம்.