வாந்தி பயமும் நாலு பேர் தங்கும் ஹாஸ்டல் ரூமும்

வாந்தி எடுக்க யாருக்குமே பிடிக்காது. அதனால்தான் "எனக்கு வாந்தின்னா பயம்" என்று சொன்னால் "எல்லாருக்கும் அப்படித்தானே" என்று பேச்சை முடித்துவிடுகிறார்கள். நான் சொல்வது வேறு பயம். பக்கத்துக் கட்டிலில் ஒருத்தி தொண்டையைச் செருமினால்கூட எனக்கு உள்ளங்கை வியர்த்துவிடும். சாப்பாட்டை வாயில் வைக்கும் முன்பே, இது ஒத்துக்கொள்ளுமா என்ற கணக்கு மனதில் ஓட ஆரம்பிக்கும். மருத்துவத்தில் இதற்கு எமெட்டோபோபியா என்று பெயர். உயரம், ஊசி, இரத்தம் இவற்றின் மேல் சிலருக்கு வரும் பயத்தைப் போலவே இதையும் குறிப்பிட்ட ஒன்றின்மேல் வரும் பயம் என்ற வகையில் சேர்த்திருக்கிறார்கள். பலருக்குச் சின்ன வயதிலேயே தொடங்கிவிடுகிறது.

எனக்கும் அப்படித்தான். சொந்த ஊர் கோத்தகிரி. மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ஏறும் பஸ்ஸில் யாராவது ஒருவர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டுவது எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சாதாரண விஷயம். நான் மட்டும் காதைப் பொத்திக்கொண்டு அம்மாவின் மடியில் முகம் புதைத்துக்கொள்வேன். அம்மா கையில் எலுமிச்சம்பழம் கொடுப்பார், கிளம்பும் முன் அவோமின் மாத்திரையும் கொடுப்பார். வீட்டில் இருந்தவரை சமாளிக்க முடிந்தது. அம்மா சமையல், தனி அறை, யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் மாடிக்குப் போய்விடலாம்.

கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் சேர்ந்தபோது அந்த வசதிகள் எல்லாம் போயின. ஒரு ரூமுக்கு நாலு பேர், வராண்டாவின் கடைசியில் பொது பாத்ரூம். கூட இருந்தவர்கள் தூத்துக்குடிக்காரி, தர்மபுரிக்காரி, கும்பகோணத்துக்காரி. மூவரும் நல்ல பிள்ளைகள், மூவருக்கும் நல்ல பசி. சாயங்காலம் ரோட்டோரக் கடையில் காளான் வாங்கி வந்து கட்டிலில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் போய்விடும். யார் புரண்டு படுக்கிறார்கள், யார் எழுந்து போகிறார்கள், எந்தக் காலடி வேகமாகப் போகிறது என்று கேட்டுக்கொண்டே கிடப்பேன்.

நானாகப் போட்டுக்கொண்ட சட்டங்கள் ஏராளம். மெஸ்ஸில் தயிர், முட்டை, சிக்கன் மூன்றையும் தொடமாட்டேன். சாதம் ஆறியிருந்தால் எழுந்துவிடுவேன். பை நிறைய இஞ்சி மிட்டாயும், வாந்தியை நிறுத்தும் ஒன்டான்செட்ரான் மாத்திரை ஒரு பட்டையும் இல்லாமல் வகுப்புக்குக்கூடப் போனதில்லை. வாந்தியும் பேதியும் வரவைக்கும் நோரோவைரஸ் தொற்றினால் 12 முதல் 48 மணி நேரத்துக்குள் அறிகுறி தெரியும் என்று படித்திருந்தேன். அதனால் எந்த ரூமில் யாருக்கு வயிறு சரியில்லை என்று கேள்விப்பட்டாலும் அடுத்த 48 மணி நேரம் எனக்கு நரகம்.

எல்லாவற்றையும்விட மோசமானது அந்தக் கேள்விதான். "எனக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?" காலையில் ஒருத்தியிடம், மத்தியானம் இன்னொருத்தியிடம். "உனக்கு வயிறு ஒண்ணும் பண்ணலையே?" என்று அவர்களையும் விசாரிப்பேன். "ஒண்ணும் ஆகாது டி, படு" என்பார்கள். கொஞ்ச நேரம் நிம்மதியாக இருக்கும், பிறகு மறுபடியும் அதே கேள்வி.

இரண்டாம் வருடத்தில் எடை மிகவும் குறைந்துவிட்டது. அல்சராக இருக்கும் என்று வீட்டில் நினைத்தார்கள். வயிற்று டாக்டர்கள் அசிடிட்டி மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள், ஸ்கேன் பார்த்தார்கள், எல்லாம் நார்மல். கடைசியில் கல்லூரி கவுன்சிலர்தான் மனநலப் பிரிவுக்கு அனுப்பினார்.

அங்கே இருந்த மனநல மேடம் முதல் நாளே ஒன்று கேட்டார். "வயிறு புரட்டுதுன்னு சொல்றீங்களே, அப்படிப் புரட்டினப்போ நிஜமாவே வாந்தி வந்தது எப்போ?" யோசித்துப் பார்த்தேன். பள்ளிக்கூடக் காலத்துக்குப் பிறகு ஒரு தடவைகூட நினைவுக்கு வரவில்லை. அவர் விளக்கியது இதுதான். பயப்படும்போது உடம்பு ஓடத் தயாராகிறது, செரிமானம் மந்தமாகிறது, அதனாலேயே குமட்டுகிறது. அந்தக் குமட்டலைப் பார்த்து நான் இன்னும் பயப்படுகிறேன், அது இன்னும் குமட்டுகிறது. நடுவில் மிட்டாய், மாத்திரை, கேள்வி என்று எதையாவது பிடித்துக்கொள்கிறேன். வாந்தி வரவில்லை. அதைப் பிடித்ததால்தான் தப்பித்தோம் என்று மூளை முடிவு செய்துகொள்கிறது. நான் தைரியத்துக்காகச் செய்த ஒவ்வொன்றும் அந்தப் பயத்துக்குச் சோறு போட்டு வளர்த்திருக்கிறது.

டாக்டர் மாத்திரையும் கொடுத்தார். பதற்றத்துக்குத் தரும் அந்த வகை மாத்திரைகளில் ஆரம்ப நாட்களில் குமட்டல் வரலாம் என்று அவரே முன்கூட்டிச் சொன்னார். வாந்திக்குப் பயப்படுகிறவளுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள். மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அழுதிருக்கிறேன். மிகக் குறைந்த அளவில் தொடங்கி மெதுவாகக் கூட்டினார்கள். கொஞ்ச நாள் குமட்டியது, பிறகு அடங்கிவிட்டது. பின்விளைவுகளைப் படித்துவிட்டு மாத்திரையை மூலையில் போடுகிறவர்கள் இதை டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். அளவைக் கூட்டும் வேகத்தை அவர்களால் மாற்ற முடியும்.

அடுத்து ரூம்மேட்டுகளிடம் சொல்ல வேண்டும் என்றார் மேடம். மனநல டாக்டரிடம் போகிறேன் என்று சொன்னால் ஹாஸ்டல் முழுக்க என்ன பேசுவார்கள் என்ற கலக்கம் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மூவரையும் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். தூத்துக்குடிக்காரி வாயில் கை வைத்துக்கொண்டாள். "ஏட்டி, அதான் நான் காளான் திங்கும்போதெல்லாம் என்னையே பாத்துக்கிட்டு இருந்தியா? சொல்லியிருக்கலாம்ல?"

அவர்களிடம் நான் கேட்டது கொஞ்சம்தான். விளையாட்டுக்குக்கூட ஓங்கரித்துக் காட்ட வேண்டாம். எனக்காக எதையும் சாப்பிடாமல் இருக்க வேண்டாம். அந்தக் கேள்வியை நான் கேட்டால் "ஒண்ணும் ஆகாது" என்று சொல்லாமல் "தெரியலை" என்று மட்டும் சொல்ல வேண்டும். முதல் இரண்டுக்கும் உடனே தலையாட்டினார்கள். மூன்றாவது யாருக்கும் பிடிக்கவில்லை. தர்மபுரிக்காரிக்கு ரொம்பவே கஷ்டம். "ஒரு வார்த்தை சொன்னா நீ தூங்கிடுவ. அதைச் சொல்லாதேன்னா எப்படி டி?" என்று கண் கலங்கினாள். ஆனாலும் சொன்னபடி நடந்துகொண்டாள். நடுராத்திரி நான் கேட்பேன், "தெரியலை டி" என்று சொல்லிவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வாள். அந்தப் பதிலோடு இருக்கப் பழகியதுதான் சிகிச்சையிலேயே எனக்கு மிகவும் கடினமான பகுதி. அதைத் தனியாக என்னால் செய்திருக்கவே முடியாது.

மற்றதெல்லாம் படிப்படியாக நடந்தது. பயத்துக்கு நூற்றுக்கு எவ்வளவு மார்க் என்று ஒரு பட்டியல் போட்டு, குறைந்த மார்க்கில் தொடங்கினோம். முதலில் வாந்தி என்று எழுதுவது, அப்புறம் சத்தமாகச் சொல்வது, படம் பார்ப்பது, ஓங்கரிக்கும் சத்தத்தைக் கேட்பது. மாரி பிஸ்கட்டை மோரில் ஊறவைத்து, அதை வாயில் வைத்து டாய்லெட்டில் துப்புவதும் ஒரு படி. தூத்துக்குடிக்காரி வெளியே காவல் நின்றாள். ஒவ்வொரு படியிலும் விதி ஒன்றுதான்: பயம் ஏறும்போது ஓடக் கூடாது, மிட்டாயைத் தேடக் கூடாது. கொஞ்சம் அடங்கும்வரை அங்கேயே இருக்க வேண்டும். மாத்திரைப் பட்டை பையிலிருந்து அலமாரிக்குப் போனது, பிறகு ஊருக்கே போய்விட்டது. மெஸ் தயிரை முகர்ந்து பார்க்காமல் சாதத்தில் ஊற்றிச் சாப்பிட்ட அன்று அம்மாவுக்கு போன் பண்ணிச் சொன்னேன்.

செமஸ்டர் பரீட்சைக்கு முந்தைய வாரம் கும்பகோணத்துக்காரிக்கு ராத்திரி வயிறு கெட்டது. முன்பு என்றால் தலையணையை எடுத்துக்கொண்டு வேறு ரூமுக்குப் போயிருப்பேன். அன்றும் கால் வாசலுக்குத்தான் போனது. வாசலில் நின்று மூச்சு விட்டேன். கை நடுங்கியது, காது அடைத்தது. திரும்பி வந்து பக்கெட்டை அவள் பக்கம் நகர்த்தினேன். ஓஆர்எஸ் பாக்கெட்டை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து, ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுத்தேன். மடமடவென்று குடித்தால் வெளியே வந்துவிடும், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கொடுக்க வேண்டும். தரையை தர்மபுரிக்காரி பிளீச்சிங் பவுடர் கரைத்துத் துடைத்தாள். நான் சோப்புப் போட்டு ஒரே ஒரு தடவை கை கழுவினேன். நோரோவைரஸுக்கு சானிடைசரைவிட சோப்பும் தண்ணீரும்தான் சரி, அதனால் கழுவியது நியாயம். அதற்கு மேல் கழுவாததுதான் எனக்குப் பெரிய விஷயம்.

விடியும் நேரத்தில் அவள் கண் திறந்து, "நீயா டி முழிச்சிருந்தே?" என்றாள். வார்டன் மேடம் காலையில் அவளை டாக்டரிடம் கூட்டிப்போனார். எனக்கு எதுவும் தொற்றவில்லை. தொற்றியிருந்தாலும் என்ன செய்வது என்று அப்போது எனக்குத் தெரிந்திருந்தது.

பயம் முழுக்கப் போய்விடவில்லை. கோத்தகிரி பஸ்ஸில் எலுமிச்சம்பழம் இல்லாமல் உட்காருகிறேன், ஆனால் இன்னும் முன் சீட்டைத்தான் தேடுகிறேன். கல்யாணம், பிள்ளைப்பேறு என்று பேச்சு வரும்போது மசக்கையை நினைத்து மனம் சுருங்குகிறது. இந்தப் பயம் உள்ள பெண்கள் பலருக்கும் அது உண்டு என்று மேடம் சொன்னார். அதையும் பட்டியலில் சேர்த்திருக்கிறோம்.

இதே நிலையில் ஹாஸ்டலில் இருக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். டாக்டரிடம் "வயிறு சரியில்லை, சாப்பிட முடியலை" என்று சொன்னால் வயிற்றுக்குத்தான் வைத்தியம் பார்ப்பார்கள். "வாந்தி வந்துடுமோன்னு பயமா இருக்கு, அதனால சாப்பிட மாட்டேங்கிறேன்" என்று அப்படியே சொல்லுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. நேரில் போகத் தயக்கமாக இருந்தால், 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற அரசு மனநலத் தொலைபேசி சேவைக்கு 14416 என்ற எண்ணில் போன் செய்யலாம். இலவசம், ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.