சிவப்புக் கோடும் நாலாயிரம் கவரும்

ஈரோட்டில் வீட்டை ஒட்டிய ஷெட்டில் இட்லிப் பொடியும் பருப்புப் பொடியும் அரைத்து மளிகைக் கடைகளுக்குப் போடுகிறோம். எஃப்எஸ்எஸ்ஏஐ உணவு உரிம எண், எடை, எம்ஆர்பி எல்லாம் கவரில் உண்டு. அதுவே போதும் என்றிருந்தேன். சூப்பர் மார்க்கெட் ஒன்றில் சாம்பிளை ருசி பார்த்துத் தலையாட்டிய பர்சேஸ் தம்பி, கவரைத் திருப்பியதும், "அண்ணே, பார்கோடு இல்லையே, சிஸ்டத்துல ஏத்த முடியாதே" என்றார்.

இணையத்தில் மலிவாகப் பார்கோடு எண் விற்கிறார்கள். ஆசைதான். ஆனால் அது வேறு யாருக்கோ கொடுத்த எண்ணாக இருந்தால், தேடிப் பார்ப்பவருக்கு அவர் பெயர்தான் வரும். சரி என்று, பார்கோடு எண் வழங்கும் அமைப்பான ஜிஎஸ்1 இந்தியாவிடமே விண்ணப்பித்தேன். விற்றுமுதலைப் பொறுத்துக் கட்டணம்.

இரண்டு பொடி, இரண்டு எண் என்பது என் கணக்கு. அது தப்பு. 100 கிராமுக்கு ஒன்று, 200 கிராமுக்கு ஒன்று என்று நாலு வேண்டும். ஒரே எண்ணைப் போட்டால் பில்லில் இரண்டுக்கும் ஒரே விலை விழும். அட்டைப்பெட்டிக்குத் தனியாக 14 இலக்க எண். 890 என்று தொடங்கினால் இந்தியத் தயாரிப்பு என்று பலர் நினைக்கிறார்கள், நானும் நினைத்தேன். எண் இங்கே பதிவானது என்பதற்கு மேல் அதற்கு அர்த்தமில்லை.

கவரில் போடும் எண்ணுக்கு 13 இலக்கம். அதில் எனக்குப் பிடித்தது கடைசி இலக்கம்தான். 890123456789 என்று 12 இலக்கம் வைத்துக்கொள்ளுங்கள். இடமிருந்து ஒன்றுவிட்டு ஒன்று கூட்டினால் 28. மீதியைக் கூட்டினால் 34, அதை மூன்றால் பெருக்கினால் 102. மொத்தம் 130. அடுத்த பத்தின் மடங்குக்கு எவ்வளவு குறைகிறதோ அதுதான் 13ஆவது இலக்கம். இங்கே குறையவில்லை, அதனால் 0. கைதவறி ஒரு இலக்கத்தை மாற்றி அடித்தால் கணக்கு உதைத்துவிடும். பழைய நோட்டின் பின்பக்கத்தில் நாலு எண்ணையும் போட்டுப் பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் இத்தனை அக்கறையாகக் கணக்குப் போட்டதில்லை.

அப்புறம்தான் வினை. இட்லிப் பொடிக் கவர் மிளகாய் நிறத்தில் இருக்கட்டும் என்று டிசைனர் கோடுகளையும் வெள்ளைக் கட்டத்தில் சிவப்பாகவே போட்டிருந்தார். பார்க்க அழகு. நானும் ஓகே சொல்லிவிட்டேன். நாலாயிரம் கவர் அச்சாகி வந்தது. கடையில் காட்டினால் மெஷின் வாயே திறக்கவில்லை. ஸ்கேனர் அடிப்பது சிவப்பு வெளிச்சம்; அதற்குச் சிவப்புக் கோடும் வெள்ளைத் தாளும் ஒன்றுதான். ப்ரூஃபைக் கறுப்பு ஜெராக்ஸில் சோதித்ததால் எனக்கு எதுவும் தெரியவில்லை.

கவரைத் தூக்கிப்போட மனசில்லை. கறுப்புக் கோட்டில் ஸ்டிக்கர் அடித்து, இடமும் வலமும் வெள்ளை இடம் விட்டு, அம்மாவும் நானும் மூன்று ராத்திரி உட்கார்ந்து ஒட்டினோம். பருப்புப் பொடிக் கவர் மட்டும் தப்பித்தது. அதில் அதே டிசைனர் கரும்பச்சைக் கோடு போட்டிருந்தார், ஸ்கேனர் அதைக் கறுப்பாகவே எடுத்துக்கொண்டது.