முச்சந்தியில் கொட்டிய மாவு

மலேசியாவின் கிள்ளானிலிருந்து சென்னைக்குக் குடிவந்து இரண்டு வருஷம் ஆகிறது. காலையில் யாரையாவது "பசியாறியாச்சா?" என்று கேட்டால் பெசன்ட் நகரில் இன்னமும் சிரிக்கிறார்கள். இங்கே டிபன் சாப்பிடுவார்கள், பசியாற மாட்டார்கள். தமிழ்தானே என்று தெம்பாக வந்தவளுக்கு முதல் ஆறு மாதம் ஆட்டோக்காரர் பேச்சே பிடிபடவில்லை.

இங்கு வந்து நான் ரொம்பத் தேடியது ஹேஷ் ஓட்டத்தைத்தான். 1938இல் கோலாலம்பூரில் வெள்ளைக்காரர்கள் தொடங்கியது. ஒருவர் 'முயல்', முன்னாடியே போய்த் தடம் போட்டுவிடுவார். மற்றவர்கள் அதைத் தேடி ஓடுவார்கள். வட்டம் இருந்தால் தடம் அங்கே அறுந்துவிட்டது என்று அர்த்தம். ஆளுக்கொரு பக்கம் பிரிந்து தேட வேண்டும், கண்டுபிடித்தவர் "ஆன் ஆன்!" என்று கத்துவார். பொய்த்தடமும் உண்டு. முந்தி வந்தால் பரிசெல்லாம் கிடையாது, ஓடி முடித்ததும் கூடிச் சாப்பிடுவதுதான் விஷயமே. ஊரில் அண்ணனும் நானும் செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டத்தில் காகிதத் துண்டு போட்டு ஓடுவோம்.

மாட்டுப் பொங்கலன்று இப்படி ஓட ஆறு தோழிகளைச் சம்மதிக்க வைத்தேன். பொங்கலன்று வீட்டில் விடமாட்டார்கள். காணும் பொங்கலன்று கடற்கரையில் கால்வைக்க இடமிருக்காது. காகிதம் குப்பையாகும் என்று கோலமாவு வாங்கினேன். அங்கேதான் சறுக்கினேன்.

நாலரை மணிக்குத் தெருத்தெருவாக மாவு வைத்துக்கொண்டே போனேன். ஐந்து மணிக்கு எல்லா வாசலிலும் விளக்குமாறும் வாளியுமாக இறங்கிவிட்டார்கள். என் அம்புக்குறிகள் சாணித் தண்ணீரோடு போயின. ஒரு பாட்டி என் வட்டத்தைப் பார்த்து, "யாரு இப்படிக் கோணலா ஆரம்பிச்சுட்டுப் போனது?" என்று சுற்றிலும் எட்டு இதழ் இழுத்து, நடுவில் பரங்கிப்பூவும் வைத்துவிட்டார். தோழிகள் அதைத் தாண்டி ஓடியே போய்விட்டார்கள். முச்சந்தியில் நான் கொட்டிய மாவு அப்படியே இருந்தது. காரணம், வாட்ச்மேன் அண்ணன் பக்கத்தில் நின்று ஒருத்தரையும் விடவில்லை. "தாண்டாதீங்க மேடம், யாரோ எதையோ வச்சிட்டுப் போயிருக்காங்க."

ஷ்மிட் நினைவுச்சின்னத்தருகே (1930இல் கடலில் தத்தளித்தவர்களைக் காப்பாற்றப் போய் மூழ்கிய டென்மார்க்காரருடையது) எப்படியோ ஒன்றுசேர்ந்தோம். ஊரூர் குப்பத்தில் வலைகளைச் சுற்றிக்கொண்டு மணலில் ஓடினோம். மணல் முழங்காலைத் தின்றது. உடைந்த பாலம் வரை போய்த் திரும்பினோம்.

சாப்பாடு ஒரு தோழியின் வீட்டில். எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், புளியோதரை, அவியல். அதற்கு முன்னால் அவள் அம்மா மொட்டைமாடிக்குக் கூட்டிப்போனார். மஞ்சள்செடி இலையில் மஞ்சளும் சிவப்புமாகச் சாத உருண்டைகள். அண்ணன் தம்பி நன்றாயிருக்கப் பெண்கள் காக்கைக்கு வைக்கும் கணுப்பிடி.

"உனக்கு அண்ணா தம்பி இருக்காளோல்லியோ? வா, நீயும் கணுப்பிடி வை."

"ஐயோ மாமி, இன்னும் குளிக்கலையே, ஒரே வேர்வை."

"குளிக்காமத்தான் வைக்கணும். அசடு!"

மணல் ஒட்டிய கையாலேயா என்று கூசியது. கழுவிவிட்டு வரிசையாக வைத்தேன். உருண்டை பிடிக்கத் தெரியாமல் இரண்டு உதிர்ந்துபோயின. போட்டோ எடுத்து அண்ணனுக்கு அனுப்பினேன்.

உடனே பதில் வந்தது: "யாரு முயலு? இது நெசத் தடமா, பொய்த் தடமா?"